வித்தையும் விளைச்சலும்: ஒரு தொழில்நுட்பக் கோடீஸ்வரரின் சொல்லை எடைபோடுவது எப்படி?

மின்விளக்கை வசப்படுத்திவிட்டதாக 1878 செப்டம்பரில் தாமஸ் எடிசன் நியூயார்க் நாளிதழ் ஒன்றிடம் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 31. பேச்சைப் பதிவுசெய்து திருப்பி ஒலிக்கும் ஃபோனோகிராஃப் கருவியை அதற்கு முந்தைய ஆண்டு உருவாக்கிப் புகழ் பெற்றிருந்தார். அதனால் அவர் எதைச் சொன்னாலும் உலகம் காதுகொடுத்தது. செய்தி அட்லாண்டிக் கடலைத் தாண்டியதும் லண்டனில் எரிவாயு நிறுவனங்களின் பங்குகள் சரிந்தன. பெரும் பணக்காரர்கள் முதல் போட, சில வாரங்களிலேயே எடிசன் மின்விளக்கு நிறுவனம் உருவாகிவிட்டது. குறை ஒன்றுதான்: அவரிடம் விளக்கு இல்லை.

இருந்தவையெல்லாம் கொஞ்ச நேரம் பளிச்சென்று ஒளிர்ந்துவிட்டு உருகிப்போகும் பிளாட்டினக் கம்பிகள். உருப்படியான விளக்கு கைகூட மேலும் ஓராண்டு பிடித்தது. 1879 அக்டோபரில் கரியாக்கிய நூலிழை ஒன்று அரை நாளுக்கு மேல் எரிந்தது. அந்த ஆண்டின் கடைசி இரவில் மென்லோ பார்க்கில் இருந்த அவருடைய ஆய்வகத்தில் பொதுமக்கள் கண் முன்னே விளக்குகள் எரிந்தன. 1882 செப்டம்பர் 4 அன்று மன்ஹாட்டனின் பேர்ல் தெருவில் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது.

1878இல் அவரை வாய்ச்சொல் வீரர் என்று ஒருவர் ஏளனம் செய்திருந்தால் அது நியாயமே. 1882இல் இன்னொருவர் தீர்க்கதரிசி என்று கொண்டாடியிருந்தால் அதுவும் நியாயமே. நடுவில் எடிசன் வேறு ஆளாக மாறிவிடவில்லை. அதே மனிதர், அதே வாய், அதே பிடிவாதம்.

இன்று இதே வழக்கு, மின்சாரக் கார் நிறுவனமான டெஸ்லாவையும் ராக்கெட் நிறுவனமான ஸ்பேஸ்எக்ஸையும் நடத்தும் எலான் மஸ்க்கைச் சுற்றி நடக்கிறது. மனித குலத்தின் எதிர்காலத்தைக் கட்டுபவர் என்கிறது ஒரு கட்சி. உலகின் மிகப் பெரிய விளம்பரப் பேர்வழி என்கிறது இன்னொரு கட்சி. இரு தரப்பிடமும் சான்றுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அதனால்தான் வழக்கு முடிவதே இல்லை. கேள்வியைக் கேட்கும் விதத்திலேயே ஒரு கோளாறு இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆனால் அதற்கு முன் தொலைநோக்கு, வித்தை என்ற இரண்டு சொற்களையும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

தொலைநோக்கு என்றால் கனவு அல்ல

வருங்காலத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசுகிறவர்களையெல்லாம் தொலைநோக்காளர் என்று அழைத்துவிடுகிறோம். செவ்வாய்க்கு மனிதர் செல்ல வேண்டும் என்பது மஸ்க் கண்டுபிடித்த ஆசை அல்ல. ராக்கெட் அறிஞர் வெர்னர் ஃபான் பிரவுன் 1950களின் தொடக்கத்திலேயே அதற்கு எத்தனை கப்பல், எவ்வளவு எரிபொருள் என்று கணக்கே போட்டுவிட்டார். மின்சாரக் கார் வரும் என்பதும் புதிய ஆரூடம் இல்லை. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோதே அமெரிக்கச் சாலைகளில் மின்சாரக் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன.

போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சுட்டிக்காட்டுவது எளிது. அங்கே போகும் படிகளை, அதுவும் முதல் படியை, மற்றவர்களுக்கு முன் காண்பதுதான் தொலைநோக்கு. இந்த அளவுகோலில் மஸ்க்கின் மிகச் சிறந்த பக்கம் எதுவென்று கேட்டால், 2006 ஆகஸ்டில் அவர் வெளியிட்ட டெஸ்லா திட்டத்தைத்தான் சொல்வேன். அதில் ஆரவாரமே இல்லை. முதலில் விலை உயர்ந்த காரைக் குறைந்த எண்ணிக்கையில் விற்பது. அந்தப் பணத்தில் அதைவிட விலை குறைந்த காரை உருவாக்குவது. அதில் வரும் பணத்தில் இன்னும் மலிவான காருக்குப் போவது. பேட்டரி விலை குறையும்வரை பணக்காரர்கள் தலையில் செலவைக் கட்டுவதே இதன் உட்பொருள். ரோட்ஸ்டர் 2008இலும், மாடல் எஸ் 2012இலும், மாடல் 3 2017இலும் விற்பனைக்கு வந்தன. காலம் தள்ளிப்போனது, செலவு எகிறியது. ஆனால் படிவரிசை எழுதியபடியே அமைந்தது.

வித்தை என்பது வேறு. பார்க்கிறவர்களின் கவனத்தை ஓரிடத்தில் குவித்து, இன்னும் இல்லாத ஒன்றை இருப்பதுபோல் உணரவைக்கும் திறமை அது. இதை வசைச்சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வழக்கறிஞருக்கும் ஆசிரியருக்கும்கூட அது கொஞ்சம் தேவைப்படுகிறது. ஒரு மனிதரிடம் தொலைநோக்கு இருப்பதால் வித்தை குறைந்துவிடப் போவதில்லை. வித்தை இருப்பதால் தொலைநோக்கு பொய்யாகிவிடப் போவதும் இல்லை. உயரத்தையும் எடையையும் போல இவை இரண்டும் தனித்தனி அளவுகள். “அவர் உயரமானவரா, கனமானவரா?” என்று யாரும் கேட்பதில்லையே.

நான்கு மேடைகள்

இதைக் கொள்கையாகப் பேசுவதைவிட, மேடையில் நடந்த நான்கு காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நான்கிலும் செய்த தந்திரம் ஏறத்தாழ ஒன்றே என்பதுதான் விசேஷம்.

முதல் மேடை: 2007 ஜனவரி 9, சான் பிரான்சிஸ்கோ. ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்துகிறார். அரங்கம் ஆர்ப்பரிக்கிறது. அந்தக் கருவி அப்போது அரைகுறை நிலையில் இருந்ததைப் பின்னாளில் அதை உருவாக்கிய பொறியாளர்கள் விவரித்தார்கள். செயலிகளைக் குறிப்பிட்ட ஒரு வரிசையில் திறந்தால் மட்டுமே அது ஒழுங்காக ஓடும். வரிசை மாறினால் உறைந்துவிடும். எனவே விழாமல் கடக்கக்கூடிய ஒரு பாதையைக் கண்டுபிடித்து, அந்தப் பாதையிலேயே ஜாப்ஸை நடக்கவிட்டார்கள். சிக்னல் எப்படி இருந்தாலும் திரையில் கோடுகள் முழுமையாகத் தெரியும்படியும் செய்திருந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 29 அன்று போன் கடைக்கு வந்தது. எந்த வரிசையில் தொட்டாலும் வேலை செய்தது.

இரண்டாவது மேடை: 2016 அக்டோபர். டெஸ்லா கார் ஒன்று தானாகவே ஊருக்குள் ஓடிச் சென்று நிற்கும் இடம் தேடிக்கொள்ளும் காணொலியை நிறுவனம் வெளியிட்டது. ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் சட்டத்துக்காக மட்டுமே அமர்ந்திருக்கிறார், கார்தான் ஓட்டுகிறது என்று தொடக்கத்திலேயே எழுத்தில் காட்டினார்கள். 2017 முடிவதற்குள் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நியூயார்க் வரை கை படாமல் கார் போய்ச் சேரும் என்றார் மஸ்க். அந்தக் காணொலிக்கான பாதை முன்கூட்டியே வரைபடமாக்கப்பட்டது என்று, டெஸ்லாவின் தானோட்டிப் பிரிவின் தலைவர் அசோக் எல்லுசாமி 2022இல் ஒரு வழக்கில் சாட்சியம் அளித்தார். ஒத்திகைகளில் மனிதர்கள் குறுக்கிட வேண்டியிருந்தது. நிறுத்தப் பார்த்தபோது கார் ஒரு வேலியில் மோதியது என்பதும் அதில் வெளிவந்தது. ஜாப்ஸும் முன்பே வகுத்த பாதையில்தான் நடந்தார். அவருக்குக் கிடைத்த அவகாசம் ஆறு மாதம். அதற்குள் கருவி வந்துவிட்டது. டெஸ்லாவின் கதையில் 2017 வந்தது, நியூயார்க் பயணம் வரவில்லை. 2019 ஏப்ரலில், அடுத்த ஆண்டுக்குள் பத்து லட்சம் தானோட்டி டாக்சிகள் சாலையில் இருக்கும் என்றார் மஸ்க். 2024இல் “முழுத் தானோட்டி” என்ற பெயருக்குப் பின்னால் “மேற்பார்வையுடன்” என்ற சொல் சேர்க்கப்பட்டது. 2025 ஜூனில் ஆஸ்டின் நகரில் ஒருவழியாகச் சேவை தொடங்கியபோது ஓடியவை சில கார்களே. முன்னிருக்கையில் கண்காணிக்க ஓர் ஊழியரும் உட்கார்ந்திருந்தார். இதற்கிடையே அந்த மென்பொருளுக்கு முன்பணமாக வாடிக்கையாளர்கள் ஆயிரக்கணக்கான டாலர்கள் செலுத்தியிருந்தார்கள். 2022இல் அதன் விலை 15,000 டாலர் வரை போனது.

மூன்றாவது மேடை: 2018 ஜனவரி. நிகோலா என்ற நிறுவனம் தன் மாசில்லா லாரி சாலையில் விரைவதைப் படம்பிடித்து வெளியிட்டது. இந்த லாரி முழுமையாக இயங்கக்கூடியது என்று நிறுவனர் டிரெவர் மில்டன் முன்பே மேடையில் சொல்லியிருந்தார். 2020இல் வெளியான ஒரு விசாரணை அறிக்கை உடைத்துச் சொன்னது: லாரியை ஒரு சரிவின் மேல் முனைக்கு இழுத்துச் சென்று உருளவிட்டிருக்கிறார்கள். ஓட்டியது புவியீர்ப்பு விசை. நிறுவனம் கொடுத்த விளக்கம் இன்னும் சுவையானது: லாரி தன் சொந்த விசையில் ஓடியதாகத் தாங்கள் அந்தக் காணொலியில் சொல்லவே இல்லையாம்! அதே ஆண்டு ஜூனில், ஒரு லாரியைக்கூட விற்காத அந்த நிறுவனத்தின் சந்தை மதிப்பு, அதாவது அதன் எல்லாப் பங்குகளின் மொத்த விலை, ஒரு கட்டத்தில் ஃபோர்டு நிறுவனத்தையே மிஞ்சியிருந்தது. மில்டன் 2022இல் மோசடிக் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2023இல் நான்கு ஆண்டுத் தண்டனை பெற்றார். 2025இல் அமெரிக்க அதிபரின் மன்னிப்பும் பெற்றார்.

நான்காவது, மேடை என்று சொல்ல முடியாத ஓர் ஆய்வகம். விரல் நுனியில் எடுத்த சில சொட்டு ரத்தத்தில் ஏராளமான சோதனைகளைச் செய்யலாம் என்று எலிசபெத் ஹோம்ஸ் தொடங்கிய தெரனோஸ், 2014இல் சுமார் 900 கோடி டாலர் மதிப்பைத் தொட்டது. அவர்களுடைய கருவி பெரும்பாலான சோதனைகளைச் செய்ய முடியாமல், வேறு நிறுவனங்களின் வழக்கமான இயந்திரங்கள் திரைமறைவில் அந்த வேலையைச் செய்தன. கருவிக்கு அவர்கள் வைத்த பெயர்: எடிசன். 2022இல் ஹோம்ஸுக்குப் பதினோரு ஆண்டுக்கும் மேலான சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த நான்கையும் பிரிப்பது எது? நேர்மையான மனம், கெட்ட மனம் என்று போனால் எங்கும் போய்ச் சேர மாட்டோம். பிறர் மனதைத் திறந்து பார்க்க வழியில்லை. வெளியிலிருந்தே அளக்கக்கூடியவை இரண்டு. மேடையில் காட்டியதற்கும் கையில் கிடைத்ததற்கும் இடையே எத்தனை காலம் ஓடியது என்பது ஒன்று. சொன்ன வாக்கியம் நிகழ்காலத்தைப் பற்றியதா, எதிர்காலத்தைப் பற்றியதா என்பது மற்றொன்று.

இரண்டாவதில்தான் சட்டமும் கண் வைத்திருக்கிறது. “அடுத்த ஆண்டு வரும்” என்று சொல்லி வராமல் போனால் அது பொய்த்த கணிப்பு. “இப்போதே இயங்குகிறது” என்று சொல்லி இயங்காமல் இருந்தால் அது பொய். உரிய எச்சரிக்கையோடு வெளியிடப்படும் எதிர்காலக் கணிப்புகளுக்கு அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஓரளவு பாதுகாப்பும் தருகிறது. பெரும் பேச்சுக்காரர்களின் வாக்கியங்கள் எதிர்கால வினைமுற்றுகளால் நிரம்பி வழிவது தற்செயல் அல்ல. மஸ்க் அந்தக் கோட்டைத் தாண்டியதாகக் குற்றச்சாட்டு எழுந்த புகழ்பெற்ற தருணமும் உண்டு: 2018 ஆகஸ்டில், டெஸ்லாவைப் பங்குக்கு 420 டாலர் விலையில் பங்குச் சந்தையிலிருந்து விலக்கித் தனியார் நிறுவனமாக்கப் போவதாகவும், அதற்குப் பணம் உறுதியாகிவிட்டதாகவும் ட்விட்டரில் எழுதினார். “உறுதியாகிவிட்டது” என்பது இறந்தகாலம், சிக்கல் அங்கேதான். பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் வழக்குத் தொடுத்தது. அவரும் டெஸ்லாவும் தலா 2 கோடி டாலர் கட்டி, அவர் நிறுவனத்தின் இயக்குநர் குழுத் தலைவர் பதவியிலிருந்தும் விலகிச் சமரசம் செய்துகொண்டார்கள். முதலீட்டாளர்கள் தனியாகத் தொடுத்த வழக்கில், அவருக்குப் பொறுப்பில்லை என்று 2023இல் நடுவர் குழு முடிவு செய்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நம்பிக்கையே முதலீடாகும்போது

சரி, கையில் சரக்கு இருக்கிறவர் ஏன் இவ்வளவு கூவ வேண்டும்? புதிதாக இந்த உலகத்தைப் பார்க்கிறவர்களுக்கு இதுதான் புரியாத புதிர். விடை பணம் சுழலும் விதத்தில் இருக்கிறது.

ஒரு செயலியை நான்கு பேர் ஓர் அறையில் எழுதிவிடலாம். கார் தொழிற்சாலைக்கும் ராக்கெட்டுக்கும் அது செல்லாது. முதல் ரூபாய் வருமானம் வருவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான கோடிகளைக் கொட்ட வேண்டும். இல்லாத பொருளுக்குப் பணம் கொடுக்கிறவர் பொருளைப் பார்த்துக் கொடுப்பதில்லை, கதையைக் கேட்டுக் கொடுக்கிறார். எனவே கதையை நன்றாகச் சொல்வது தொழிலுக்கு வெளியே நடக்கும் விளம்பர வேலையாக இல்லாமல், தொழிலின் மூலப்பொருள்களில் ஒன்றாகிவிடுகிறது.

2020ஆம் ஆண்டைப் பாருங்கள். ஜூலை 1 அன்று டெஸ்லா, டொயோட்டாவை முந்தி உலகிலேயே சந்தை மதிப்பு மிகுந்த கார் நிறுவனமானது. அதற்கு முந்தைய ஆண்டு டொயோட்டா குழுமம் விற்ற வாகனங்கள் ஒரு கோடிக்கும் மேல். டெஸ்லா விற்றவை சுமார் 3,67,500. கணக்கு தெரிந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் டெஸ்லா சும்மா இருக்கவில்லை. ஏறிய விலையில் புதிய பங்குகளை அந்த ஒரே ஆண்டில் மூன்று தடவை விற்று, ஏறத்தாழ 1,200 கோடி டாலர் திரட்டியது. வட்டி கிடையாது, திருப்பிக் கொடுக்க வேண்டியதும் இல்லை. 2022இல் பெர்லின் அருகிலும் ஆஸ்டினிலும் புதிய தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. 2023இல் விற்பனை 18 லட்சம் கார்களை எட்டியது. கதையை நம்பி விலை ஏறியது. ஏறிய விலையே கதையின் ஒரு பகுதியை உண்மையாக்கியது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். இங்கே அகப்பையைக் காட்டியே சட்டியை நிரப்பிவிட்டார்கள்.

முன்பதிவுப் பணமும் இந்த வகைதான். 2016 மார்ச் 31 அன்று மாடல் 3 அறிமுகமானபோது, ஆளுக்கு 1,000 டாலர் கட்டி ஒரே வாரத்தில் 3,25,000 பேர் பதிவு செய்ததாக டெஸ்லா சொன்னது. உருவாகாத காருக்கு வாடிக்கையாளர்களே கொடுத்த வட்டியில்லாக் கடன் அது.

இந்தச் சக்கரம் எதிர்த்திசையிலும் சுழலும் என்பதை மறக்கக் கூடாது. நம்பிக்கை குலைந்தால் விலை இறங்கும், விலை இறங்கினால் பணம் வராது, பணம் வராவிட்டால் சொன்னதைச் செய்ய முடியாது. எனவே பெரிய கதை சொல்லி மேலே ஏறியவர், அங்கேயே நிற்க அதைவிடப் பெரிய கதையைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கார் விற்பனை 2024இல் முந்தைய ஆண்டைவிடச் சற்றுக் குறைந்தது. பேச்சோ மனித வடிவ ரோபோவுக்கு நகர்ந்துவிட்டது. 2021இல் அந்த ரோபோவை அறிவித்தபோது மேடையில் ஆடியது ரோபோ உடை அணிந்த ஒரு மனிதர். 2024 அக்டோபரில் நடந்த விழாவில் விருந்தினர்களோடு உரையாடிய ரோபோக்களை மறைவிலிருந்து மனிதர்கள் இயக்க உதவினார்கள்.

அமைதியாக இருப்பவர் ஆழமானவரா?

ஆரவாரம் பிடிக்காதவர்கள் உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்: சத்தம் போடுகிறவர் போலி, அடக்கமாக வேலை செய்கிறவர் அசல். இதற்கு ஒரு நல்ல சோதனை நம் கண் முன்னே நடந்திருக்கிறது. ஜெஃப் பெசோஸ் தன் விண்வெளி நிறுவனமான ப்ளூ ஆரிஜினை 2000இலேயே தொடங்கிவிட்டார். ஸ்பேஸ்எக்ஸ் 2002இல்தான் பிறந்தது. ப்ளூ ஆரிஜினின் சின்னத்தில் ஆமைகள் இருக்கின்றன. நிதானமே அவர்கள் கொள்கை. பல ஆண்டுகள் வாயே திறக்கவில்லை. 2015 நவம்பரில், விண்வெளியின் விளிம்பைத் தொட்டுத் திரும்பிய தங்கள் ராக்கெட்டைத் தரையிறக்கி, அந்த ஒரு விஷயத்தில் ஸ்பேஸ்எக்ஸை ஒரு மாதம் முந்தினார்கள். ஆனால் பூமியைச் சுற்றிவரும் பாதைக்கு அவர்களுடைய ராக்கெட் முதன்முறையாகப் போனது 2025 ஜனவரியில்தான். ஸ்பேஸ்எக்ஸ் அதை 2008இலேயே செய்திருந்தது.

அந்த 2008ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஃபால்கன் 1 ராக்கெட் 2006, 2007, 2008 என மூன்று தடவை தோற்றது. மஸ்க் தன் முந்தைய நிறுவனங்களை விற்றதில் கிடைத்த பணத்தில் சுமார் 10 கோடி டாலரை ஸ்பேஸ்எக்ஸில் போட்டிருந்தார். அது தீரும் கட்டத்தில் இருந்தது. டெஸ்லாவும் அதே நேரத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 28 அன்று பசிபிக் தீவு ஒன்றிலிருந்து கிளம்பிய நான்காவது ராக்கெட் வென்றது. டிசம்பரில் விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு கொண்டுசெல்ல நாசா 160 கோடி டாலர் ஒப்பந்தம் தந்தது. இங்கே வித்தைக்கு இடமே இல்லை. ராக்கெட்டை யாரும் சரிவில் உருட்டிவிட்டுப் படம் பிடிக்க முடியாது. மேலே போகும் அல்லது வெடிக்கும்.

எனக்கு ஸ்பேஸ்எக்ஸ் மீதுள்ள மரியாதைக்கும் தானோட்டி அறிவிப்புகள் மீதுள்ள சலிப்புக்கும் காரணம் இந்த வேறுபாடே. முதல் நிறுவனத்தின் வாடிக்கையாளர் நாசா போன்ற, கணக்குக் கேட்கத் தெரிந்த அமைப்பு. ஒவ்வொரு படிக்கும் சோதனை, தேறினால்தான் காசு. 2015 டிசம்பரில் ராக்கெட்டின் கீழ்ப்பகுதி நிமிர்ந்தபடி தரையிறங்கியது. 2017 மார்ச்சில் பயன்படுத்திய ராக்கெட் மறுபடி பறந்தது. 2020 மே மாதத்தில் இரண்டு விண்வெளி வீரர்களைச் சுமந்து சென்றது. 2024இல் மட்டும் ஃபால்கன் ராக்கெட்டுகள் 130 தடவைக்கு மேல் ஏவப்பட்டன. தானோட்டிக் கார் விஷயத்தில் முன்பணம் கொடுத்தவர் தனிமனிதர்; எது தேர்ச்சி என்பதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு யாரிடமும் இல்லை. வாய் ஒன்றுதான், அளக்கும் கோல் இருந்த இடத்தில் பேச்சு ராக்கெட்டானது, கோல் இல்லாத இடத்தில் பேச்சாகவே நின்றது. ஊதிப் பெருக்கிய பெயருக்கு உயிர் சார்ந்த விலையும் உண்டு: ஓட்டுநர்கள் கவனமாக இருப்பதை உறுதிசெய்ய, டெஸ்லாவின் ஓட்டுநர் உதவி மென்பொருளான ஆட்டோபைலட்டில் இருந்த ஏற்பாடு போதாது என்ற காரணத்தால், 2023 டிசம்பரில் டெஸ்லா 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திருத்தத்துக்கு உள்ளாக்க வேண்டிவந்தது.

கோபுரம் தாங்கும் பொம்மை

கோபுரத்தில் ஒரு பொம்மை இருக்கும். கைகளை உயர்த்தி, பல்லைக் கடித்து, மொத்தக் கோபுரத்தையும் தானே தாங்குவதுபோல நிற்கும். நட்சத்திர முதலாளிகளின் படத்தை அட்டையில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பொம்மை நினைவுக்கு வரும்.

டெஸ்லாவை 2003இல் தொடங்கியவர்கள் மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும். மஸ்க் 2004இல் 65 லட்சம் டாலர் முதலீட்டோடு வந்து இயக்குநர் குழுத் தலைவரானார். யாரை நிறுவனர் என்று அழைப்பது என்ற சண்டை நீதிமன்றம் போய், 2009இல் இவர்கள் மூவர் உட்பட ஐந்து பேர் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம் என்று சமரசமானது. ஸ்பேஸ்எக்ஸின் எஞ்சின்களுக்குப் பின்னால் இருந்தவர் பொறியாளர் டாம் முல்லர். ஒப்பந்தங்களைப் பிடித்து நிறுவனத்தை அன்றாடம் நடத்துவது க்வின் ஷாட்வெல். அரசுப் பணத்தின் பங்கும் சிறிதல்ல: நாசா ஒப்பந்தங்கள் ஒரு பக்கம், 2010இல் டெஸ்லாவுக்கு அமெரிக்க எரிசக்தித் துறை கொடுத்த 46.5 கோடி டாலர் கடன் மறுபக்கம். அதை 2013இலேயே திருப்பிக் கட்டிவிட்டார்கள்.

ஆனால் இந்த உவமையை நானே கொஞ்சம் திருத்த வேண்டும். உண்மையான பொம்மையை எடுத்துவிட்டால் கோபுரத்துக்கு ஒன்றும் ஆகாது. இங்கே பொம்மையின் முகத்தைப் பார்த்துத்தான் பாதிக் கல் வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு துறையில் கிடைத்த பெயர் தானாகவே அடுத்த துறைக்குக் கசிவதும் இங்கேதான் நடக்கிறது. ராக்கெட்டைத் தரையிறக்கியவர் சுரங்கப் போக்குவரத்தையும், சமூக ஊடகத்தையும், அரசியலையும் அதே போல அறிந்திருப்பார் என்று மனம் தீர்மானித்துவிடுகிறது. குழாய்க்குள் பயணிகளை ஏற்றி விரையும் வண்டிகளுக்காக 2013இல் மஸ்க் வெளியிட்ட ஹைப்பர்லூப் திட்டம், லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியிலிருந்து சான் பிரான்சிஸ்கோ பகுதிக்கு 35 நிமிடத்தில் போகலாம் என்றது. அந்தக் கனவில் முதலீடு திரட்டிய முன்னணி நிறுவனம் 2023 இறுதியில் கடையை மூடிவிட்டது. 2018இல் தாய்லாந்துக் குகையில் சிக்கிய சிறுவர்களுக்காக அவர் குழு செய்துகொண்டுவந்த சிறிய நீர்மூழ்கி பயன்படவில்லை. குகையில் முக்குளிக்கத் தெரிந்தவர்களே சிறுவர்களை மீட்டார்கள்.

அடுத்த அறிவிப்பு வரும்போது

அது நிச்சயம் வரும். மாதம் ஒன்று வருகிறது. அப்போது அந்த மனிதரை நம்பலாமா என்று கேட்காமல், அந்த வாக்கியத்தை மட்டும் தனியே எடுத்து மேசையில் வையுங்கள். முதலில் வினைமுற்றைப் பாருங்கள்: இருக்கிறது என்கிறாரா, இருக்கும் என்கிறாரா? பிறகு, இது பொய்த்தால் யாருடைய பணம் போகும்? 2008இல் போலத் தன் கைப்பணத்தைப் போட்டவரின் ஆருடத்துக்கும், பிறரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டவரின் ஆருடத்துக்கும் எடை வேறு. தேர்ச்சி பெற்றதா என்று சொல்ல வெளியாள் யாராவது இருக்கிறாரா என்பதையும் பாருங்கள்.

காலக்கெடுவை மட்டும் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஃபால்கன் ஹெவி என்ற பெரிய ராக்கெட்டை 2011இல் அறிவித்தபோது 2013க்குள் பறக்கும் என்றார்கள், 2018இல்தான் பறந்தது. ஐந்தாண்டுத் தாமதம். ஆனாலும் அது பறந்தது. எனவே அதைப் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. காலக்கெடு முடியும் ஒவ்வொரு முறையும் பழைய வாக்குறுதியின் மேல் புதிய, பெரிய வாக்குறுதி ஒன்று வந்து உட்காரும்போதுதான் கவனம் தேவை.

2017 நவம்பரில் மஸ்க் புதிய ரோட்ஸ்டர் காரை மேடையேற்றினார். உலகின் மிக வேகமான சாலைக் காராக இருக்கும், 2020இல் வரும் என்றார். முன்பதிவுக்கு 50,000 டாலர். மூன்று மாதம் கழித்து, 2018 பிப்ரவரி 6 அன்று, ஃபால்கன் ஹெவியின் முதல் பயணத்தில் அவர் தன்னுடைய பழைய ரோட்ஸ்டரை ஏற்றி அனுப்பினார். ஓட்டுநர் இருக்கையில் விண்வெளி உடை அணிந்த பொம்மை ஒன்று. அந்தக் கார் இன்றும் சூரியனைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மேடையில் காட்டிய புதிய ரோட்ஸ்டர் 2025 முடியும்வரை ஒரு வாடிக்கையாளரின் வீட்டு வாசலுக்கும் வரவில்லை.